நம் வீடும் நம் குழந்தையும்

ஒரு தெரு, இரண்டு வீடுகள்

ஒரு நகரத்தின் ஓரம். அங்கே ஒரு தெரு. வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள்.

தெருவின் மேட்டில் ஒரு வீடு. பள்ளத்தில் ஒரு வீடு. இரண்டு வீட்டிலும் அப்பா கட்டட வேலைக்குப் போகிறார். இரண்டு வீட்டுக்கும் கூலி ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு வீட்டிலும் ஒன்றரை வயதுக் குழந்தை இருக்கிறது.

மேட்டு வீட்டுக் குழந்தை ஓடி விளையாடுகிறது. எப்போதாவது சளி பிடிக்கும். இரண்டு நாளில் சரியாகிவிடும்.

பள்ளத்து வீட்டுக் குழந்தை அப்படி இல்லை. இந்த மாதம் வயிற்றுப்போக்கு. போன மாதம் சளியும் காய்ச்சலும். அதற்கு முந்தின மாதம் உடம்பெல்லாம் சிரங்கு. குழந்தை மெலிந்து போய்விட்டது. பிடித்துக்கொண்டு நிற்கிறது. இன்னும் நடக்கவில்லை.

அப்பாவின் கூலியில் பாதி வைத்தியத்துக்கே போகிறது. கடனும் ஏறிவிட்டது.

"எல்லாம் என் தலையெழுத்து அக்கா. உங்கள் பிள்ளையும் என் பிள்ளையும் ஒரே மாதத்தில்தானே பிறந்தார்கள்?" என்று பள்ளத்து வீட்டுத் தாய் கண் கலங்குகிறார்.

இது தலையெழுத்தா? இல்லை. இதற்குக் காரணங்கள் உண்டு. அந்தக் காரணங்கள் தண்ணீரில் இருக்கின்றன. அடுப்பில் இருக்கின்றன. சாக்கடையில் இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எண்கள் சொல்லும் செய்தி

நம் நாட்டில் அவ்வப்போது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு நடக்கிறது. வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதுகிறார்கள்.

முதல் கணக்கெடுப்பு 1992-93இல் நடந்தது. அப்போது பிறந்த 1000 குழந்தைகளில் 109 குழந்தைகள் 5 வயது ஆகும் முன்பே இறந்தன. அதாவது 9 குழந்தைகளில் ஒன்று.

ஐந்தாவது கணக்கெடுப்பு 2019-21இல் நடந்தது. அப்போது 1000 குழந்தைகளில் 42 குழந்தைகள் இறந்தன. அதாவது 24 குழந்தைகளில் ஒன்று.

இறப்பு பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. தலையெழுத்து என்றால் இப்படிக் குறையுமா? மனிதர்கள் முயன்றார்கள். அதனால் குறைந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதே கணக்கெடுப்பில் உத்தரப் பிரதேசத்தில் 1000க்கு 60 குழந்தைகள் இறந்தன. கேரளத்தில் 1000க்கு 5 குழந்தைகள்தான் இறந்தன. ஒரே நாடுதான். ஆனால் எவ்வளவு பெரிய வேறுபாடு!

குழந்தை எங்கே பிறக்கிறது, எந்த வீட்டில் வளர்கிறது என்பது அதன் உயிரையே முடிவு செய்கிறது.

குழந்தைக்கு மட்டும் ஏன்?

ஒரே வீட்டில்தான் எல்லோரும் இருக்கிறோம். ஒரே தண்ணீரைக் குடிக்கிறோம். பெரியவர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். குழந்தை மட்டும் ஏன் படுத்துவிடுகிறது?

குழந்தையின் உடம்பு சிறியது. அதில் இருக்கும் நீரும் குறைவு. நான்கு முறை வயிற்றுப்போக்கு ஆனால் பெரியவர் சோர்ந்து போவார். குழந்தைக்கோ உயிருக்கே ஆபத்து.

குழந்தை வேகமாக மூச்சு விடுகிறது. அதனால் புகையும் தூசியும் அதிகமாக உள்ளே போகின்றன.

குழந்தை தரையில் தவழ்கிறது. கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கிறது. தரை எப்படி இருக்கிறதோ அப்படித்தான் அதன் வயிறும் இருக்கும்.

நோயை எதிர்க்கும் சக்தியும் குழந்தைக்கு இன்னும் முழுதாக வளரவில்லை.

தண்ணீர் எங்கே கெடுகிறது?

மேட்டு வீட்டின் பக்கத்திலேயே குழாய் இருக்கிறது. பள்ளத்து வீட்டுத் தாய் அங்கே நடந்து வந்து குடத்தில் தண்ணீர் பிடிக்கிறார். குழாயில் வரும் தண்ணீர் நல்ல தண்ணீர்தான். அப்படியானால் எங்கே கெடுகிறது?

குடத்துக்கு மூடி இல்லை. ஈ உட்காருகிறது. பிள்ளைகள் டம்ளரை உள்ளே விட்டு மொள்ளுகிறார்கள். அழுக்கு விரல்கள் தண்ணீரில் படுகின்றன. காலையில் நன்றாக இருந்த தண்ணீர் மாலைக்குள் கெட்டுவிடுகிறது. பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கும். கிருமி கண்ணுக்குத் தெரியாது.

என்ன செய்யலாம்?

குடத்தைத் தினமும் கழுவ வேண்டும். மூடி வைக்க வேண்டும். தண்ணீர் எடுப்பதற்கென்று நீண்ட பிடியுள்ள கரண்டி ஒன்றைத் தனியாக வைக்க வேண்டும். அதை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது.

குழந்தைக்குத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்துக் கொடுப்பது நல்லது. துணியில் வடிகட்டினால் தூசி போகும். ஆனால் கிருமி முழுவதும் போகாது. கொதிக்க வைக்க விறகோ எரிவாயுவோ போதவில்லையா? சுகாதாரப் பணியாளரிடம் குளோரின் மாத்திரை கேட்கலாம். எவ்வளவு தண்ணீருக்கு எத்தனை மாத்திரை என்று அவரிடமே கேட்டுப் போட வேண்டும்.

ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தண்ணீரே வேண்டாம். தாய்ப்பாலிலேயே போதுமான நீர் இருக்கிறது. கோடைக் காலத்திலும் போதும்.

மலத்திலிருந்து வாய்க்கு

இந்தத் தலைப்பைப் படிக்கவே அருவருப்பாக இருக்கும். ஆனால் இதுதான் தினமும் நடக்கிறது.

வயிற்றுப்போக்குக் கிருமிகள் மலத்தில் இருக்கின்றன. அவை குழந்தையின் வாய்க்கு எப்படி வருகின்றன?

கை வழியாக வருகின்றன. ஈயின் கால் வழியாக வருகின்றன. தண்ணீர் வழியாக வருகின்றன. மண் வழியாக வருகின்றன.

"சின்னக் குழந்தையின் மலம்தானே, அதில் என்ன கெடுதல்?" என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. குழந்தையின் மலத்திலும் நோய்க் கிருமிகள் உண்டு. அதைத் தெரு ஓரத்திலோ சாக்கடையிலோ வீசக் கூடாது. கழிப்பறையில் கொட்ட வேண்டும். கழிப்பறை இல்லாவிட்டால் தண்ணீர் எடுக்கும் இடத்துக்குத் தள்ளிக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும்.

2019-21 கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் 100 வீடுகளில் 70 வீடுகளில்தான் தங்களுக்கென்று நல்ல கழிப்பறை இருந்தது. மற்றவர்கள் பொதுக் கழிப்பறைக்குப் போனார்கள், அல்லது வெளியே போனார்கள். தூய்மை இந்தியா திட்டம் 2014இல் தொடங்கிய பிறகு ஏராளமான கழிப்பறைகள் கட்டப்பட்டன. ஆனால் கட்டினால் மட்டும் போதாது. தண்ணீர் வேண்டும். வீட்டில் எல்லோரும் அதைப் பயன்படுத்த வேண்டும். பத்து வீட்டில் ஒரு வீட்டார் வெளியே போனாலும், அந்த ஈ மற்ற ஒன்பது வீட்டுக்கும் வரும்.

கை கழுவுவது மிக எளிய காவல். வெறும் தண்ணீர் போதாது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். முக்கியமாக இந்த நேரங்களில்:

மலம் கழித்த பிறகு.
குழந்தைக்குக் கால் கழுவி விட்ட பிறகு.
சமைப்பதற்கு முன்.
சாப்பிடுவதற்கு முன்.
குழந்தைக்கு ஊட்டுவதற்கு முன்.

அன்று இரவு நடந்தது

மழைக்காலம். பள்ளத்து வீட்டு வாசலில் சாக்கடைத் தண்ணீர் தேங்கி நின்றது. அன்று காலையிலிருந்து குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. மாலைக்குள் பத்து முறை ஆகிவிட்டது. குழந்தையின் கண்கள் குழி விழுந்தன. உதடு காய்ந்தது. அழுதால் கண்ணீர் வரவில்லை.

"அத்தை, பிள்ளை தண்ணீர் தண்ணீர் என்று தவிக்கிறான்" என்றார் தாய்.

"கொடுக்காதே அம்மா. கொடுத்தால் இன்னும் போகும். வயிறு காயட்டும்" என்றார் மாமியார்.

மாமியார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருடைய அம்மா அவருக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். ஆனால் அந்தப் பேச்சு குழந்தையின் உயிரைக் குடித்துவிடும்.

ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஒழுகுகிறது. ஒழுகுகிறதே என்று ஊற்றாமல் விட்டால் என்ன ஆகும்? குடம் காலியாகிவிடும். குழந்தையின் உடம்பும் அப்படித்தான். போகும் நீரை உடனே திரும்பக் கொடுக்க வேண்டும்.

அழுகைச் சத்தம் கேட்டு மேட்டு வீட்டுத் தாய் ஓடி வந்தார். குழந்தையைப் பார்த்தார். வீட்டுக்குத் திரும்ப ஓடி ஒரு பொட்டலம் எடுத்து வந்தார். அங்கன்வாடியில் கொடுத்து வைத்த ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அது. கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர் அளந்து, முழுப் பொட்டலத்தையும் அதில் கரைத்தார்.

"கரண்டி கரண்டியாகக் கொடு தங்கச்சி. அவசரப்படாதே. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடியும் கொடு" என்றார்.

இருவரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குப் புறப்பட்டார்கள். போகும் வழியெல்லாம் கரைசலைக் கொடுத்துக்கொண்டே போனார்கள். மாமியார் கூடவே வந்தார்.

மருத்துவர் பார்த்தார். "வழியிலேயே கரைசல் கொடுத்தது நல்லதாகப் போயிற்று" என்றார்.

குழந்தை பிழைத்தது.

ஒரு பொட்டலத்தின் கதை

அந்தச் சின்னப் பொட்டலத்துக்கு ஒரு பெரிய கதை உண்டு. அது நம் நாட்டில் நடந்த கதை.

1971ஆம் ஆண்டு. கிழக்குப் பாகிஸ்தானில் போர். இப்போது அது வங்கதேசம். அங்கிருந்து லட்சக்கணக்கான மக்கள் உயிர் தப்பி மேற்கு வங்காளத்துக்கு ஓடி வந்தார்கள். எல்லைக்கு அருகில் உள்ள பொங்கான் என்ற ஊரிலும் அகதிகள் குவிந்தார்கள். கூட்டம் அதிகம். நல்ல தண்ணீர் இல்லை. கழிப்பறை இல்லை. காலரா பரவியது.

அங்கே டாக்டர் திலீப் மகலானபிஸ் வேலை செய்தார். அவர் குழந்தை நல மருத்துவர். ஊசி வழியாக ஏற்றும் மருந்து நீர் தீர்ந்து போனது. நோயாளிகள் தரையில் கிடந்தார்கள். என்ன செய்வது?

அவர் உப்பு, சர்க்கரை, சோடா உப்பு ஆகியவற்றைச் சரியான அளவில் கலந்தார். நல்ல தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். குழாய் வைத்த பெரிய பீப்பாய்களில் கரைசலை நிரப்பி வைத்தார். நோயாளியின் அம்மாவும் அக்காவும் தங்கையும் குவளையில் பிடித்துத் தாங்களே கொடுத்தார்கள்.

அதற்கு முன் 100 நோயாளிகளில் ஏறக்குறைய 30 பேர் இறந்தார்கள். கரைசல் கொடுத்த பிறகு 100க்கு 4 பேருக்கும் குறைவாகவே இறந்தார்கள்.

பிறகு உலகம் முழுவதும் இந்த முறை பரவியது. கோடிக்கணக்கான குழந்தைகள் பிழைத்தார்கள். டாக்டர் மகலானபிஸ் 2022இல் காலமானார். 2023இல் இந்திய அரசு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவித்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. அந்த முகாமில் உயிர் காத்த கைகள் பெரும்பாலும் வீட்டாரின் கைகள். பெரிய படிப்புப் படிக்காத கைகள்.

வீட்டில் எப்படிக் கொடுப்பது?

பொட்டலம் கிடைத்தால் அதன்மேல் எழுதியிருக்கும் அளவைப் படியுங்கள். இப்போது நமக்குப் படிக்கத் தெரியும். பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. அளவு தவறக் கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மீதியைக் கொட்டிவிட வேண்டும்.

பொட்டலம் இல்லையா? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர். அதில் தலை தட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை. தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. நன்றாகக் கலக்க வேண்டும். உப்புக் கூடினால் ஆபத்து. கண்ணீரை விட அதிகமாகக் கரித்தால் அதைக் கொட்டிவிட்டு வேறு கரைக்க வேண்டும்.

ஒவ்வொரு முறை வயிற்றுப்போக்கு ஆன பிறகும் கொடுக்க வேண்டும். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குக் கால் டம்ளர் முதல் அரை டம்ளர் வரை. அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு அரை டம்ளர் முதல் ஒரு டம்ளர் வரை.

தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. சுகாதாரப் பணியாளர் துத்தநாக மாத்திரை தருவார். ஜிங்க் மாத்திரை என்றும் சொல்வார்கள். வயிற்றுப்போக்கு நின்றுவிட்டாலும் 14 நாளும் கொடுக்க வேண்டும்.

மலத்தில் இரத்தம் வந்தால், குழந்தை எதையும் குடிக்க முடியாமல் போனால், மயங்கிக் கிடந்தால், கண் குழி விழுந்தால் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இரண்டு மாதம் ஆகாத குழந்தை என்றால் தொடக்கத்திலேயே போய்விட வேண்டும்.

அடுப்புப் புகை

பள்ளத்து வீட்டில் விறகடுப்பு. வீட்டுக்கு ஒரே அறை. சன்னல் சிறியது. மழைக்காலத்தில் விறகு ஈரமாக இருக்கும். அறை முழுவதும் புகை. தாய் சமைக்கும்போது குழந்தை இடுப்பில் இருக்கும், அல்லது பக்கத்தில் படுத்திருக்கும்.

"புகை பட்டால் கொசு வராது. நல்லதுதான்" என்று சிலர் சொல்வார்கள். ஆனால் விறகு, வரட்டி, நிலக்கரி ஆகியவற்றின் புகையில் நுண்ணிய தூசி இருக்கிறது. அது நுரையீரலின் ஆழம் வரை போகிறது. அங்கே புண்ணாக்குகிறது. பிறகு கிருமி எளிதாகப் பிடித்துக்கொள்கிறது. குழந்தைக்கு நிமோனியா வருகிறது. மார்ச்சளி என்று நாம் சொல்வது முற்றினால் இதுதான். ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகளில் பலரைக் கொண்டு போகும் நோய் இது.

2019-21இல் 100 வீடுகளில் 59 வீடுகளில்தான் புகையில்லாத எரிபொருளில் சமைத்தார்கள். ஏழைப் பெண்களுக்கு எரிவாயு இணைப்புத் தரும் உஜ்வலா திட்டம் 2016இல் தொடங்கியது. பலருக்கு இணைப்புக் கிடைத்தது. ஆனால் உருளையை மறுபடி வாங்கக் காசு இல்லாமல் விறகுக்கே திரும்பிய வீடுகளும் உண்டு.

எரிவாயு வாங்க முடியாத வீட்டில் என்ன செய்யலாம்? முடிந்தால் வெளியே, கூரை மட்டும் போட்ட இடத்தில் சமைக்கலாம். உள்ளே சமைத்தால் கதவையும் சன்னலையும் திறந்து வைக்க வேண்டும். புகைபோக்கி வைக்கலாம். விறகைக் காய வைத்து எரிக்கலாம். சமைக்கும் நேரத்தில் குழந்தையை வேறொருவர் தள்ளி வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குள் பீடியும் சிகரெட்டும் பிடிக்கக் கூடாது. அந்தப் புகையும் குழந்தையின் நெஞ்சுக்குள்தான் போகிறது.

மூச்சை எண்ணத் தெரிந்தால் உயிரைக் காக்கலாம். குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆபத்து. 1 வயது முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆபத்து. மூச்சு இழுக்கும்போது மார்புக்கூட்டின் அடிப்பகுதி உள்ளே போனாலும் ஆபத்து. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நெருக்கடியும் ஈரமும்

ஒரே அறையில் ஏழு பேர் படுக்கிறார்கள். ஒருவர் இருமினால் ஏழு பேருக்கும் காற்று வழியாகக் கிருமி போகிறது. சளி, தட்டம்மை, காசநோய் எல்லாம் இப்படிப் பரவுகின்றன.

வீட்டைப் பெரிதாக்க எல்லோராலும் முடியாது. ஆனால் சிலவற்றைச் செய்ய முடியும். பகலில் சன்னலைத் திறந்து வெயிலையும் காற்றையும் உள்ளே விடலாம். பாயையும் துணியையும் வெயிலில் போடலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருப்பவர் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். காசநோய்க்கு அரசு மருத்துவமனையில் இலவசமாக மருந்து கிடைக்கும்.

தடுப்பூசி இன்னொரு காவல். பிறந்தவுடன் பி.சி.ஜி. போடுகிறார்கள். 9 மாதம் முடிந்ததும் தட்டம்மை - ரூபெல்லா ஊசி. இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதத்துக்குள். வயிற்றுப்போக்கையும் நிமோனியாவையும் தடுக்கும் மருந்துகளும் இப்போது அரசுப் பட்டியலில் உண்டு. நம் நாட்டில் கடைசி இளம்பிள்ளைவாத நோயாளி 2011 சனவரியில் மேற்கு வங்காளத்தில் கண்டறியப்பட்டார். 2014இல் நாடு அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. சொட்டு மருந்தின் வெற்றி அது.

தேங்கிய தண்ணீர், வெறும் கால்

டெங்கு பரப்பும் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும். மூடாத தொட்டி, பழைய டயர், தேங்காய் ஓடு, பூந்தொட்டித் தட்டு, இவை போதும். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். அதனால் வாரம் ஒரு முறை எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் காய வைத்தால் போதும். இந்தக் கொசு பகலில் கடிக்கும். பகலில் தூங்கும் குழந்தைக்கும் கொசுவலை வேண்டும்.

மண்ணில் இன்னொரு எதிரி இருக்கிறது. கொக்கிப் புழு. மலம் கலந்த மண்ணில் வெறும் காலுடன் நடந்தால் தோலைத் துளைத்து உள்ளே போகும். குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கும். குழந்தை வெளுத்துப் போகும். 2019-21 கணக்கெடுப்பில் 5 வயதுக்கு உட்பட்ட 100 குழந்தைகளில் 67 பேருக்கு இரத்தசோகை இருந்தது. சத்துக் குறைவும் புழுவும் இதற்குக் காரணங்கள். குழந்தைக்குச் செருப்புப் போட வேண்டும். அங்கன்வாடியில் தரும் பூச்சி மாத்திரையைக் கொடுக்க வேண்டும்.

நோயும் பசியும் கை கோத்தால்

பள்ளத்து வீட்டுக் குழந்தை ஏன் நடக்கவில்லை? சாப்பாடு போதாதா?

தாய் சாப்பாடு கொடுக்கத்தான் செய்கிறார். ஆனால் அடிக்கடி வயிற்றுப்போக்கு வந்தால் தின்றது உடம்பில் ஒட்டாது. காய்ச்சலில் பசி எடுக்காது. உடம்பு மெலியும். மெலிந்த உடம்பில் அடுத்த நோய் எளிதாக வரும். நோய் பசியை வளர்க்கிறது. பசி நோயை வளர்க்கிறது. செக்கு மாடு போல இது சுற்றிச் சுற்றி வரும்.

இந்தச் சுற்றை அறுக்க வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு குழைந்த சோறு, பருப்பு, கீரை, வாழைப்பழம், முட்டை. நோய் தீர்ந்த பிறகு சில வாரங்களுக்குத் தினமும் ஒரு வேளை கூடுதலாக ஊட்ட வேண்டும். அங்கன்வாடியில் மாதம் ஒரு முறை எடை பார்க்க வேண்டும். அட்டையில் கோடு மேலே ஏறினால் மகிழ்ச்சி. படுத்தாலோ இறங்கினாலோ எச்சரிக்கை.

குற்றம் தாயின் மேல் இல்லை

இதையெல்லாம் படித்ததும் ஒரு கேள்வி வரும். "எல்லா வேலையும் தாய்தானா செய்ய வேண்டும்?"

இல்லை. குடம் தூக்குவது, தொட்டி கழுவுவது, குழந்தையைப் பார்ப்பது எல்லாம் அப்பாவும் செய்யக் கூடிய வேலைகள். குடிக்கும் பணத்தில் பாதி மிஞ்சினாலும் எரிவாயு உருளை வாங்கலாம்.

தாயின் படிப்பும் பெரிய துணை. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் 1990இல் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டம் ஆயிற்று. 1991இல் கேரளம் முழுவதும் எழுத்தறிவு பெற்ற மாநிலமாக அறிவிக்கப்பட்டது. அங்கே பெண்கள் வெகு காலமாகவே படித்து வருகிறார்கள். மருத்துவமனையும் அருகில் இருக்கிறது. குழந்தை இறப்பு மிகக் குறைவாக இருப்பதற்கு இவை முக்கியக் காரணங்கள்.

ஆனால் வீட்டுக்குள் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், வாசலில் சாக்கடை தேங்கினால் என்ன பயன்? குழாய் தெருவின் மேட்டில் மட்டும் இருந்தால், பள்ளத்தில் இருப்பவர் எத்தனை குடம் சுமப்பார்? மூன்று குடம் தண்ணீரில் குளிப்பதா, துவைப்பதா, கை கழுவுவதா?

நல்ல தண்ணீர், சாக்கடை, கழிப்பறை, தெரு சுத்தம் ஆகியவை யாரும் போடும் பிச்சை அல்ல. அவை நம் உரிமை. கிராமத்தில் கிராம சபை இருக்கிறது. நகரத்தில் வார்டு உறுப்பினர் இருக்கிறார். அங்கே போய்க் கேட்க வேண்டும். தனியாகக் கேட்டால் குரல் சிறியது. சேர்ந்து கேட்டால் குரல் பெரியது.

அதே தெரு

பள்ளத்து வீட்டுக் குழந்தை மருத்துவமனையிலிருந்து வந்தது. தாய் குடத்துக்கு மூடி வாங்கினார். கரண்டி ஒன்றைச் சுவரில் மாட்டினார். மாமியார் அடுப்பை வாசல் பக்கத் தாழ்வாரத்துக்கு மாற்றச் சொன்னார். தினமும் காலையில் அப்பா இரண்டு குடம் தண்ணீர் கொண்டு வருகிறார்.

பிறகு இரண்டு தாய்மாரும் வீடு வீடாகப் போனார்கள். சாக்கடையைத் தூர் வார வேண்டும், பள்ளத்திலும் ஒரு குழாய் வேண்டும் என்று மனு எழுதினார்கள். மாலை வகுப்பில் எழுத்துக் கற்ற பள்ளத்து வீட்டுத் தாய்தான் மனுவை எழுதினார். தெருவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கைநாட்டு வைத்தவர் மாமியார் ஒருவர்தான். "அடுத்த மனுவில் நானும் எழுதுவேன்" என்று அவரும் சொல்லியிருக்கிறார்.

சாக்கடை தூர் வாரப்பட்டது. குழாய் இன்னும் வரவில்லை. மறுபடி போய்க் கேட்கிறார்கள்.

குழந்தை இப்போது நடக்கிறது.

சிந்திப்போம்

உங்கள் வீட்டுக் குடத்துக்கு மூடி இருக்கிறதா?
உங்கள் வீட்டில் சமைக்கும்போது குழந்தை எங்கே இருக்கிறது?
வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் என்ன பதில் சொல்வீர்கள்?
உங்கள் தெருவில் தண்ணீர் தேங்கும் இடம் எது? அதைச் சரி செய்ய யாரிடம் கேட்க வேண்டும்? ஒரு மனு எழுதிப் பாருங்கள்.